மூன்று மன்றங்களும் ஒத்துக்கொண்ட வீடு

பெரிய நகரத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் இணைய மன்றங்களைப் படிப்பது நல்ல பழக்கம்தான். புரோக்கர் வாயால் கேட்பதைவிட, முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் புலம்புவதில் உண்மை அதிகம். உங்களுக்கு இந்த மன்றங்கள் பழக்கமில்லை என்று சொன்னீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் நகரத்துக்கு உருப்படியானவை மூன்று. முதலாவது பழைய மன்றம். ஓய்வு பெற்றவர்கள் அதிகம். எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்டாலும் அந்தக் காலத்தில் அது ஏரியாக இருந்தது என்று ஆரம்பிப்பார்கள். விஷயம் இருக்கும், ஆனால் சண்டையைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டும். இரண்டாவதில் இளம் குடும்பங்கள். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மேல்மாடியில் நாய் குரைக்குமா, லிஃப்டில் கட்டில் ஏறுமா என்று பேசுவார்கள். மூன்றாவது சிறியது. புரோக்கர்களுக்கு இடமில்லை. புதியவர் எழுதினால் நெறியாளர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளிவரும். அந்த நெறியாளர் நான்.

சம்பளம் கிடையாது. அலுவலகம் முடிந்து வந்து, காபிகூட ஆறிப்போக, அடுத்தவர் வீட்டுச் சண்டைகளைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. குறையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதன் செய்த காரியம் இது என்று நீங்கள் புரிந்துகொண்டால் போதும்.

மற்ற இரண்டு மன்றங்களிலும் எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. பழைய மன்றத்தில் நான் 'கறார்'. எடுத்தெறிந்து பேசும் கிழவர். இரண்டாவதில் 'புதுக்குடித்தனம்', கைக்குழந்தைக்காரி. முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பேச்சு படுத்துவிட்டால் யாராவது ஒருவர் கிளப்பிவிட வேண்டுமல்லவா? கறாருக்கு என் மன்றத்தைக் கண்டாலே ஆகாது. "அங்க இருக்கிற நெறியாளர் தன்னை நீதிபதின்னு நினைச்சுக்கிட்டிருக்கார்" என்று அடிக்கடி எழுதுவார். புதுக்குடித்தனம் கறாரை "தாத்தா, மாத்திரை போட்டாச்சா?" என்று சீண்டுவாள். மூவரும் வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் கடித்துக் குதறியதைப் பார்த்தவர்கள், மூவரையும் நிஜம் என்று நம்பினார்கள். சொல்லப்போனால் எனக்கே சில நாள் கறார்மேல் கோபம் வரும்.

இனி கட்டடம். கீழே தூண்களுக்கு நடுவே கார்கள் நிற்கும், மேலே நான்கு மாடி. முதல் மாடியில் நானும் மனைவியும். எதிர்வீட்டில் ஒரு பொறியாளர், பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர், தனியாள். ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, உங்க கார் நிக்கிற இடத்துத் தூணைத் தட்டிப் பார்த்தீங்களா?"

"தூணை எதுக்கு சார் தட்டணும்? அது என்ன தேங்காயா?"

அவர் சிரிக்கவில்லை. "ஒரு பக்கம் புதுப் பூச்சு. உள்ள யாரோ கொத்தியிருக்காங்க. என் சமையலறைச் சுவர்ல விரிசல் ஏறுது. உங்க வீட்லயும் இருக்கும், பாருங்க."

இருந்தது. படுக்கையறை மூலையில், கூரையிலிருந்து கீழ்நோக்கி, பென்சிலால் கிழித்த மாதிரி. அன்று மாலையே பெரிய அலமாரியை அதற்கு முன்னால் நகர்த்தினேன். "என்னங்க, அங்க வெச்சா ஜன்னலைப் பாதி மறைக்குதே" என்றாள் மனைவி. வெயில் அடிக்கிறது, மறைக்கட்டும் என்றேன்.

குடியிருப்போர் கூட்டத்தில் பொறியாளர் பேசியபோது எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மனிதர் என் மன்றத்துக்கு வந்தார். கட்டடத்தின் பெயர், தெரு, தூண் எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருந்தார். படம் இல்லாத புகார் வெளிவராது என்பது எங்கள் விதி. நிறுத்திவைத்தேன். படம் அனுப்பினார். தான் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றி எழுதுவது சொந்தப் பகையாக இருக்கலாம் என்று இன்னொரு விதி உண்டு. அதைக் காட்டி நீக்கினேன். பழைய மன்றத்துக்குப் போனார். அங்கே கறார், "பாலம் கட்டினவருக்கு வீடு எல்லாம் ஆடுற மாதிரிதான் தெரியும்" என்று எழுதினார். பலர் சிரித்தார்கள். இரண்டாவதில் புதுக்குடித்தனம், "பாவம் அங்கிள், தனியா இருக்கார், பேச ஆளில்ல போல" என்றாள். அதுதான் அவரைக் குத்தியிருக்க வேண்டும். இரண்டு மன்றங்களிலும் எழுதியதை அவரே அழித்துவிட்டார், அதற்குப் பிறகு எழுதவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டார். போகும்போது என் கதவைத் தட்டி, "நீங்களாவது சீக்கிரம் கிளம்பிடுங்க தம்பி" என்றார். அக்கறையான மனிதர். அவர் பேச்சைக் கேட்டுத்தான் வீட்டை விற்க முடிவு செய்தேன்.

வாங்க வந்தது ஒரு நர்ஸ். மன்றங்களில் அவள் பெயர் 'நிதானம்'. பெயருக்கேற்ற பெண். பல மாதங்களாக மூன்று இடத்திலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டைப் பார்க்கக் கணவனையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் கூட்டிவந்தாள். குழாய்களைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கொக்கிகளைப் போட்டு எடுத்தாள். கணவன் வாசலில் நின்றபடியே, "இவ ஒரு கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறுவா அண்ணா. என்னை எப்படித்தான் கட்டிக்கிட்டாளோ" என்றான்.

"அங்கதான் விசாரிக்காம விட்டுட்டேன்" என்றாள் அவள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு அவள் என்னிடம் திரும்பினாள். "அண்ணா, உங்களை நம்பாம இல்ல. ஆனா இந்தக் கட்டடத்தைப் பத்தி மூணு மன்றத்துலயும் கேட்டேன். அந்தக் கறார் இருக்காரே, யாரையும் நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவரே 'பழைய கட்டடம், பலமான கட்டடம்'ங்கிறார். அவருக்கும் நெறியாளருக்கும் எலியும் பூனையும். அந்தக் குழந்தைக்காரிக்கு ரெண்டு பேரையும் பிடிக்காது. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காத ஆளுங்க ஒரே மாதிரி சொன்னா, அதுக்கு மேல என்ன வேணும்?"

நான் தண்ணீர் குடித்தேன். அவள் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

படுக்கையறையில் மகள் அலமாரியைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, இது எனக்கு." நர்ஸ் சங்கடத்தோடு கேட்டாள்: "இதை விட்டுட்டுப் போவீங்களா அக்கா?" மனைவி என்னைப் பார்த்தாள். வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு என் பரிசு என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

நாங்கள் நகரத்தின் மறுபக்கம் குடிபோனோம். நர்ஸ் மூன்று மன்றங்களிலும் தனித்தனியாக நன்றி எழுதினாள். அத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நன்றி அது. மழைக்காலம் முழுக்கக் கட்டடம் நின்றது. அது பலமான கட்டடம் என்று நான் சொன்னதில் பொய் இல்லை என்று அப்போது நினைத்தேன். மழை விட்ட பிறகு ஒரு விடுமுறை நாள் மதியம் அந்தத் தூண் உட்கார்ந்தது. அந்தப் பக்கத்து வீடுகள் மொத்தமாக அதன்மேல் இறங்கின. நர்ஸ் வேலையில் இருந்தாள். கணவனையும் மகளையும் அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். வண்டியின் கதவைத் திறந்தவள் அவள்தான் என்று செய்தியில் படித்தேன்.

தூணை யார் கொத்தியது என்பதுதான் உங்கள் கேள்வி. சுற்றி வளைக்கவில்லை, வரிசையாகச் சொன்னால்தான் புரியும். நாங்கள் வாங்கிய புதுக் கார் பழையதைவிட அகலம். உள்ளே விடும்போதெல்லாம் மனைவி கதவைத் தூணில் உரசிவிடுவாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கூடும். ஒரு கொத்தனாரை அழைத்துவந்து தூணின் ஒரு பக்கத்தை நான்கு விரல் அளவு குறைக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "கம்பி தெரியுது சார், வேண்டாம்" என்றார். கம்பி இடித்தால் அதையும் வெட்டிவிட்டுப் பூசு என்றேன். நல்ல வேலைக்காரர். நிறம்கூட வித்தியாசம் தெரியவில்லை. அதன் பிறகு கார் சிரமமில்லாமல் உள்ளே போயிற்று.

ஆக, எல்லாம் நான் செய்ததுதான். தூணை வெட்டியதும், தெரிந்தே விற்றதும், மூன்று பெயரில் பேசியதும். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கணவனுக்கும் மகளுக்கும் காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து நர்ஸ் மறுபடி மூன்று மன்றங்களிலும் வந்து கேட்டாள், 'இது முன்னாடியே யாருக்காவது தெரிஞ்சிருந்ததா?' என்று. நான் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. மூன்று இடத்திலும் ஆறுதல் சொல்லிவிட்டு, பொறியாளரின் பெயரைக் கொடுத்தேன். கோபத்தில் அல்ல. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் இவ்வளவு தெரிந்த மனிதர், இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.