போடாமலே மக்கிய ஷூ

"ஹலோ... ஆமா, நான்தான்... கேக்குது, கேக்குது, சொல்லுங்க... வீட்லதான் இருக்கேன், வேற எங்க இருப்பேன்?"

வீட்டில் இல்லை. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே படியில் உட்கார்ந்திருந்தாள் டீச்சரம்மா. ஒரு காலில் மலையேறுகிற ஷூ. இன்னொன்று மடியில், அடிப்பாகம் கழன்று வாய் பிளந்து கிடந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"எதிரொலியா? அது... பாத்ரூம்ல இருக்கேன். என்ன அவசரம்?... ட்ராவல்ஸ் ஆபீஸ்லயா? காலங்காத்தாலயா?... ம்... ம்... கார் உச்சிக்கிட்ட வரைக்கும் போகுதா?... ஆமா, ஆமா... அப்புறம் கொஞ்சூண்டு படிதானா? கொஞ்சூண்டுன்னா எவ்வளவு, அந்தாளைக் கேளுங்க... எத்தனை?... இல்லைங்க, ஒண்ணுமில்ல. தும்மல்."

ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அவள். கயிறு பிடித்து ஏறுவதில் பையன்களையே மண்ணைக் கவ்வ வைத்தவள். "மலைக்குப் போலாமா?" என்று வீட்டுக்காரர் நேற்றுத் தானாகவே கேட்டுவிட்டார். கல்யாணமான புதிதில் வாங்கிப் பரணில் போட்ட ஷூ ஞாபகத்துக்கு வந்தது. இன்று அவர் வெளியே போனதும் அதை மாட்டிக்கொண்டு, படி இறங்கி ஏறிப் பார்க்கக் கிளம்பினாள். இறங்கும்போது ராஜநடைதான். ஏறும்போது முழங்கால் பூட்டிக்கொண்டது. பத்தாததற்கு ஷூவும் பிய்ந்தது.

"இருங்க, ஒரு நிமிஷம்... ஒண்ணுமில்லம்மா, சும்மா காத்து வாங்கறேன். நீ போ, உனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு... உங்ககிட்ட இல்லைங்க, மேல்வீட்டுப் பொண்ணுகிட்ட... ஆமா. ஆமா, படியிலதான் உக்காந்திருக்கேன், இப்ப என்ன?... விழலை... ஏற முடியலைங்க. ஏற முடியலை, போதுமா?... டாக்டரா? இந்த முட்டி இனி தேறாதுன்னு அவர் போன மாசமே கையை விரிச்சுட்டார். உங்ககிட்டதான் சொல்லலை... ஷூ போச்சுங்க. அடி பூரா பிஸ்கட் மாதிரி உதிருது. போட்டுத் தேஞ்சிருந்தா மனசு ஆறும். போடாமலே மக்கிடுச்சு, என்னை மாதிரி... அழலை. நான் எதுக்கு அழறேன்?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமா? ஐயோ சாமி, அந்த வார்த்தையை மட்டும் எடுக்காதீங்க! பிள்ளைக்குப் பரீட்சை, அடுத்த வருஷம். உங்க தங்கச்சி கல்யாணம், அடுத்த வருஷம். மழை, அதுக்கும் அடுத்த வருஷம். மலை எங்கடி போயிடப் போகுதுன்னீங்க. மலை அங்கேயேதான் இருக்கு. என் முட்டிதான் போயிடுச்சு... நீங்க போயிட்டு வாங்க. நெசமாத்தான். போட்டோ எடுத்துட்டு வாங்க, பாத்து வயிறெரியறேன்... ஏன், தனியாப் போனா என்ன?... என்னது?... சத்தமாச் சொல்லுங்க... உயரம்னா..."

போனை மற்றொரு காதுக்கு மாற்றினாள்.

"தலை சுத்துமா? உங்களுக்கா?... சின்ன வயசுலேருந்தா! அப்ப பரீட்சை, மழை, கல்யாணம் எல்லாம்... அடப்பாவி மனுஷா! இப்ப மட்டும் எப்படியாம்?... ஓ... கார்ல கண்ணை மூடிட்டு உக்காந்துக்கலாம்னு... எனக்காகவா? இப்பவா?... சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருந்தா, உங்களை வீட்ல விட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேனே!... என்ன கேட்டீங்க?"

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துப் போக ஆள் தேடுவார்கள். முதலில் அவளைத்தான் கேட்பார்கள். "எங்க வீட்டுக்காரர் விடமாட்டார்" என்று சொல்லி, வேறொரு டீச்சரைக் கைகாட்டிவிடுவாள். அவரை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கட் ஆகலை, இருக்கேன்... கேட்டுச்சு... போயிருப்பேனான்னுதானே கேட்டீங்க?... ம்... தெரியலைங்க... தெரியலைன்னு சொல்றேன்ல! போனை வைங்க. வந்து தொலைங்க, கை குடுக்க ஆள் வேணும்."

அவர் வைக்கவில்லை. அவளே வைத்தாள்.