நாலு காலும் நேர்தான்

வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ. படலையடியிலை நிண்டு என்ன புதினம் பாக்கிறியள்? பதினேழு வரியத்துக்குப் பிறகு வேலிக்கு மேலாலை அண்ணை எண்டு கத்த எனக்கென்ன விசரோ? காரியம் இருக்கு, கூப்பிட்டனான். நீர்மட்டத்தையும் கொண்டு வந்தியளோ? ஓம், அதுதான் வேணும். அங்காலை அறைக்கை என்ரை மகள் பத்மா படுத்திருக்கிறாள். ஏழு மாசம். மத்தியானம் சாப்பிட்டவுடனை பிள்ளைக்குக் கண்ணைக் கட்டுதாம்.

உதுதான் சாமான். அஞ்சடி நீள மீன்தொட்டி. மருமோன் கொழும்பிலையிருந்து மாறி வரேக்கை வைக்கோல் சுத்தி லொறியிலை ஏத்திக்கொண்டு வந்தது. மனிசிக்கு ரெண்டு நல்ல சீலை வாங்கியந்திருக்கலாம், உவர் மீன் வாங்கியந்தார். சரி, சீதனமாய்க் குடுத்த வீடு, அவை என்னத்தையும் வைக்கட்டும். தண்ணி நிரப்பினால் ஏழு அந்தர் வரும், ஏழு சீமெந்து மூட்டைப் பாரம். கண்ணாடி உடைஞ்சால் வேறை எடுக்கேலாது, இறக்குமதியை நிப்பாட்டிப்போட்டாங்கள். தொட்டியை வைக்கப் பட்டணத்திலை இரும்பிலை ஒரு ஸ்ராண்ட் அடிப்பிப்பம் மாமா எண்டார். நான் விடேல்லை. நான் உயிரோடை இருக்க, என்ரை பிள்ளையின்ரை வீட்டுக்கு வெளியாள் ஏன் சாமான் செய்யவேணும்?

பதினொரு நாள் மினக்கெட்டனான், அண்ணை. ஒரு ஆணி இல்லை. உளியாலை துளை வெட்டி, மற்றச் சட்டத்தின்ரை கழுந்தை அதுக்கை இறக்கி, ஆப்படிச்சு இறுக்கினது. பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. ஆட்டுங்கோவன்! அசையுதோ? அசையாது. வீடு கழுவினால் தண்ணி வாசலுக்கு ஓடவேணுமெண்டு மேசன் நிலத்துக்கு வாட்டம் விட்டவன்தானே, அதையும் பாத்து முன்கால் ரெண்டையும் கால் இஞ்சி கூட விட்டனான். தைப்பொங்கலுக்கு முதல்நாள் தண்ணி நிரப்பினது. நான் பென்சிலாலை கீறின கோட்டிலை நாலு மூலையும் ஒட்டித் தண்ணி நிண்டது. மருமோனே வாயைத் திறந்து, மாமா கெட்டிக்காரன் எண்டவர்.

மாசியிலை இந்தப் பின்மூலை கொஞ்சம் இறங்கீட்டுது. ஒரு மட்டையை மடிச்சுக் காலுக்குக் கீழை வைச்சன். பங்குனியிலை மட்டை காணாது, சின்ன ஆப்பு. வரியப்பிறப்புக்குப் பெரிய ஆப்பு. இப்ப வைகாசி, குனிஞ்சு பாருங்கோ, ஆப்புக்கு மேலை ஆப்பு. முந்தநாள் தண்ணி வழிஞ்சு மீன் ஒண்டு நிலத்திலை கிடந்து துள்ளுது, பத்மா வயித்தையும் தள்ளிக்கொண்டு குனிஞ்சு அதைப் பொறுக்கிறாள். எனக்கு வந்த கோவம்!

மருமோன் தியாகராசா என்ன சொல்லுறார் தெரியுமே? மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கீட்டுதாம். கால் கோணலாம். தொட்டி சரிய முதல் பத்மாவைக் கூட்டிக்கொண்டு அரியாலையிலை வாடகை வீட்டுக்குப் போப்போறாராம். சொந்த வீடு இருக்க வாடகை வீடு! எனக்குக் கை நடுங்குதாம். எனக்கு! தன்ரை சேட்டுக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாத மனிசன் சொல்லுறார். என்ரை மனிசி பூரணம் அதுக்குப் பின்தாளம். இந்த வீட்டிலை நான் சொல்லுறதை ஆர் கேக்கினம்? நாலு காலும் நேர்தான் எண்டு நீங்கள் உங்கடை வாயாலை அவருக்குச் சொல்லவேணும். ஓவசியராய் இருந்தனீங்கள், உங்கடை சொல்லை நம்புவார். அதுக்குத்தான் கூப்பிட்டனான். வேறை ஒண்டுக்குமில்லை.

வையுங்கோ மட்டத்தை. நிலத்திலை ஏன் வைக்கிறியள்? ஸ்ராண்டைப் பாக்கச் சொன்னால் நிலத்தைப் பாக்கிறியள். எழும்புங்கோ, காலைப் பாருங்கோ.

என்ன, அந்த ஓட்டையைப் போட்டுத் தடவுறியள்? மரத்திலை ஓட்டை இருக்கும்தானே. ... ஓம். ஓம், அதுதான்! கண்டுபிடிச்சிட்டியளோ? எங்கடை கிணத்தடி ஆடுகால்தான், தண்ணி இறைக்கிற துலாவுக்கு நட்ட கால். துலாவைத் தாங்கின அச்சுலக்கை பூட்டின ஓட்டைதான் அது. ரெண்டு ஆடுகாலையும் நெடுக்கை அரிஞ்சு நாலு கால் எடுத்தனான். நல்ல பாலை மரம், விறகுக்கோ போடச் சொல்லுறியள்?

என்னை அப்பிடிப் பாக்காதையுங்கோ. பிழை ஆரிலை? பங்குக் கிணத்திலை என்ரை முறை நாளிலை உங்கடை ஆள் தண்ணி இறைச்சவன். என்ரை புகையிலைக் கண்டு ஆயிரம் வாடிச் செத்தது. கேட்டால், ஒருநாள்தானேடா எண்டியள். ஒருநாள்தானே! அந்தச் சொல்லு இன்னும் காதுக்கை நிக்குது. நீங்கள் உத்தியோகமெண்டு அனுராதபுரத்திலை இருக்க, பங்குக் கிணத்தை மூடினனான்தான். மண் காணாமல் வாழைக்குத்தி, பனங்குத்தி எல்லாம் உருட்டி, துலாவையும் வெட்டி உள்ளுக்கை போட்டு, மேலை செம்மண் கொட்டினனான். நீங்கள் கோட்டுக்குப் போவியள், அடிக்க வருவியள் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் என்ன செய்தியள்? நாங்கள் போய்வாற வேலிப் பொட்டை அடைச்சுப்போட்டு உங்கடை பக்கத்திலை வேறை கிணறு வெட்டினியள். ஒரு வார்த்தை இல்லை. ஏசியிருந்தால் நானும் ஏசி, ஒரு மாசத்திலை கதைச்சிருப்பம். நீங்கள் ஏசாமல் விட்டதுதான் இண்டைவரைக்கும் என்னை எரிக்குது.

கிணறு மூடின பிறகும் அந்த ஆடுகால் ரெண்டும் அங்கை நிண்டு என்னையே பாக்குமாப்போலை கிடந்தது. அலவாங்கு போட்டுக் கிளப்பி மாட்டுக்கொட்டிலுக்கை எறிஞ்சன். இடத்தை உழுது குரக்கன் விதைச்சன். ஒரு அடையாளமும் இல்லாமல் போச்சு. பத்மாவின்ரை வீட்டுக்கு நிலையம் எடுத்து இடம் குறிக்கேக்கை ஆசாரியார் கேட்டவர், இந்தக் காணிக்குள்ளை மூடின கிணறு ஏதும் இருக்கோ எண்டு. சம்பந்திப் பகுதி பக்கத்திலை நிக்கினம். கூடப்பிறந்தவனோடை கோவிச்சுப் பங்குக் கிணத்தை மூடினவன் எண்டு அவைக்கு முன்னாலை சொல்லவோ? இல்லை எண்டன். பூரணம் வாய் திறக்கப் பாத்தவள், முறைச்சன், மூடிப்போட்டாள். அத்திவாரம் வெட்டேக்கை நீங்கள் வேலிக்கு அங்காலை வந்து நிண்டு செருமினியள். கேட்டது. கேட்டுத்தான் முதுகைத் திருப்பினனான்.

அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? குத்தியள் உக்கிப்போச்சு, மண் இறங்குது. மருமோனுக்குத்தான் தெரியாது, எனக்கு மாசியிலையே தெரியும். ஒவ்வொரு ஆப்பாய் வைச்சுக்கொண்டு வாறன். ஸ்ராண்ட் பிழை எண்டு ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும், தொட்டி விழுந்தால் விழட்டும், அதுக்காக உங்களைக் கூப்பிடுவனோ நான்?

கிணறு இருந்த இடம் எனக்குத் தெரியேல்லை, அண்ணை. வீடு எழும்பின பிறகு எந்தப் பக்கம் எண்டே பிடிபடேல்லை. எங்களைப் பெத்த அப்புவோடை நிண்டு அதை வெட்டினது நீங்கள். நான் அப்ப பிறக்கவுமில்லை. எல்லையிலையிருந்து எத்தினை கவடு எட்டிவைக்கவேணும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிப்போட்டுப் பிறகு இன்னும் பதினேழு வரியம் கதையாமல் இருங்கோ.

எங்கை எழும்பிப் போறியள்? கோவமோ? ... ஓ, மூலைப் பூவரசோ. அதிலையிருந்தே அப்பு அளந்தவர்? சரி, எண்ணிக்கொண்டு வாங்கோ, நான் யன்னலாலை பாக்கிறன். ஆறு. ஏழு. பூங்கண்டை மிதியுங்கோ, பறவாயில்லை. ஒம்பது. பத்து, சுவரடி. உள்ளுக்கை வாங்கோ, சுவருக்கு இஞ்சாலையிருந்து எண்ணுங்கோ. பதினொண்டு. பன்ரண்டு, தொட்டியடி. அவ்வளவுதானே? நில்லுங்கோ. அண்ணை, நில்லுங்கோ எண்டு சொல்லுறன். அதுக்குள்ளை ஏன் போறியள், அது பத்மாவின்ரை அறை.

பதினாலு. பதினைஞ்சு. கட்டிலடியிலை நிக்கிறியள்.

அப்ப, உந்தத் தொட்டிக்கால் நிக்கிறது கிணத்து விளிம்பிலைதான்.

பூரணம், இஞ்சை வா. பிள்ளையை எழுப்பு. பயப்பிடுத்தாதை, மெல்லமாய் எழுப்பி வாசல் பக்கத்தாலை இறக்கு. அண்ணை, நீங்கள் மற்றக் கையைப் பிடியுங்கோ.