பேனரில் என் முகம் இருந்த இடம்

என் பெயர் ஜெசிந்தா, வயது இருபத்தேழு, தகப்பனார் பெயர் சவுரிராயன். விழுப்புரம் மாவட்டம், கெடார் அருகே மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். வார நாட்களில் திண்டிவனத்தில் பெண்கள் விடுதியில் தங்கி, டியூஷன் சென்டர் ஒன்றில் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். தொழில் என்னவென்று உதவி ஆய்வாளர் கலையரசி அவர்கள் கேட்டதற்கு, பிலிப்பைன்ஸ் நாட்டில் விமானி, இங்கே இன்னும் இல்லை என்று சொன்னேன். நாற்காலி போட்டார்கள். எனக்கு உட்கார இருப்புக் கொள்ளாததால் நின்றபடியே சொல்கிறேன்.

அந்த நாட்டில் பயிற்சி முடித்து வாங்கிய லைசென்சை வைத்துக்கொண்டு இந்தியாவில் விமானம் ஓட்ட முடியாது. இங்கத்துப் பரீட்சைகளில் தேற வேண்டும், உடல் பரிசோதனை முடிய வேண்டும், லைசென்சு உண்மையானதுதான் என்று அந்த நாட்டிலிருந்து பதில் வர வேண்டும், அதன் பிறகு இங்கே ஓட்டிக் காட்ட வேண்டும், அப்போதுதான் இந்திய லைசென்சு தருவார்கள். இதை நான் வீட்டில் சொன்னேன், தெருவில் சொன்னேன், பங்குச் சாமியாரிடமும் சொன்னேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. நான் ஊர் திரும்பிய வாரமே எங்கள் தெரு ஆட்கள் பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர்தான், கார் வாங்கினாலும் பேனர்தான். மேலே தலைவர் படம், கீழே தெருப் பிள்ளைகள் வரிசையாகக் கைகூப்பிய படம், நடுவில் நான். 'ஆகாயத்தை ஆள வரும் எங்கள் கேப்டனே' என்று போட்டு, எவளோ ஒருத்தியின் சட்டையில் என் தலையை ஒட்டி, தோளில் நான்கு கோடும் வைத்திருந்தார்கள். நான்கு கோடு கேப்டனுக்கு உரியது, எனக்கு இங்கே ஒரு கோடுகூடக் கிடையாது. பேனர் தன் டீக்கடையை மறைப்பதாக ஊர்ப் பக்கத்துச் சின்னதுரை சத்தம் போட்டு, அப்போதே எங்கள் ஆட்களுக்கும் அவருக்கும் வாய்த் தகராறு ஆகியிருக்கிறது.

என் அப்பா கரும்பு வெட்டும் வேலை செய்பவர். வேலை முடிந்ததும் அந்தப் பேனருக்குக் கீழேதான் நிற்பார். பஸ்ஸுக்கு வருகிறவர்கள், "பொண்ணு எப்பண்ணா பிளேன் ஓட்டும்?" என்று கேட்டால், "அடுத்த மாசம். லைசென்ஸ மாத்திக்கினு இருக்காங்க" என்பார். எல்லா மாதமும் அதையே சொன்னார்.

கடந்த வெள்ளிக்கிழமை விமானச் சட்டவிதிப் பரீட்சையின் முடிவு வந்தது. இரண்டாவது முறையும் தவறிவிட்டேன். அதைச் சொல்வதற்காகச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பழசு வெளுத்துப் போச்சும்மா, அதான் புதுசா பெருசா போட்டுட்டோம், பாத்தியா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பரீட்சை முடிவைச் சொல்லாமலே படுத்துவிட்டேன், தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு ஞாயிறு விடியும் வேளையில், அப்பாவின் கரும்புக் கத்தியை எடுத்துப்போய், பஸ் நிறுத்தத்துத் திண்டின் மேல் ஏறி, அந்தப் புதுப் பேனரை அறுத்தேன். மொத்தமாகக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. தலைவர் மீதோ பிள்ளைகள் மீதோ கத்தி படாதபடி என் படத்தை மட்டும், அந்த நான்கு கோடுகளோடு சேர்த்து, ஓரம் பார்த்து எடுத்தேன். அந்த நிதானம்தான் வினையாகிவிட்டது. அதன் பிறகு கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, முதல் பஸ் பிடித்து விழுப்புரம் போய், அங்கிருந்து திண்டிவனம் போய்விட்டேன்.

மதியம் விடுதியில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. எங்கள் தெருவே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. "பொம்பளப் புள்ள மூஞ்ச மட்டும் அறுத்துக்கினு போயிருக்கானுங்கன்னா, எவ்ளோ வயித்தெரிச்சல் இருக்கும்!" என்று ஒருவர் கத்தினார். சின்னதுரையை விசாரணைக்கு அழைத்துப் போனதாகவும் அதில் இருந்தது.

நான் போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். விமான நிலையத்துக்குள் நுழையப் பாஸ் வேண்டும், பாஸ் கொடுக்குமுன் ஊர்க் காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள், என் பேரில் வழக்கு இருந்தால் அதோடு சரி. லைசென்சு மாறினாலும் நான் வாசலில்தான் நிற்க வேண்டும். திண்டிவனம் பஸ் நிலையம் வரை போய், விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, அது கிளம்புமுன் இறங்கிவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் போட்ட கணக்கையே திரும்பப் போட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். குற்றம் செய்யாத ஒரு மனுஷனை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் நான் சும்மா இருந்தேன், அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை என் அம்மா லூர்துமேரி போன் செய்து, "உங்கப்பா ஸ்டேசனுக்குப் போயி நான்தான் கிழிச்சேன்னு சொல்லிட்டாரு. அந்த டீக்கடைக்காரர வுட்டுட்டாங்க. பெத்த பொண்ணு பேனரக் கிழிச்சவன்னு தெருவே காறித் துப்புது. இன்னாடி இது பேஜாரு, ஜல்தி வா" என்று அழுதார்.

அதன் பிறகு நான் நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்த? போய்ப் படி" என்றார். கத்தியில் பேனர் நூல் ஒட்டியிருந்ததைப் பார்த்து, நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கேஸ் இருந்தால் ஏர்போர்ட்டுக்குள் விடமாட்டார்கள் என்று முன்பு நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் அவர் காதில் ஏறியிருக்கிறது.

உதவி ஆய்வாளர் அவர்கள் என்னைத் தன் மேசைக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தி, "அவரு ஒத்துக்கினாரு, படத்த எரிச்சிட்டேன்னும் சொல்லிட்டாரு. உன் பேரு வந்தா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி, பையில் மடித்து வைத்திருந்த படத்தை எடுத்து மேசைமேல் விரித்தேன். அப்பா பெஞ்சில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, "நல்லா இருந்துச்சேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீட்சையில் தவறியதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"அதுக்கா கத்திய எடுத்த? சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பனே" என்றார். பிறகு, "மறுபடி எழுதலாம் இல்ல?" என்று கேட்டார். எழுதலாம் என்றேன். இப்போதும் அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், அவரை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் என்னை மிரட்டவில்லை. என் அப்பா சொன்னது பொய், நான் சொன்னது உண்மை. என் லைசென்சில் உள்ள அதே கையெழுத்தைத்தான் இதிலும் போடுகிறேன், பிற்பாடு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒத்துப்போகும்.

(ஒப்பம்) ச. ஜெசிந்தா