ஏழாம் பெட்டி லேசா இருக்கும்

இல்லண்ணே, தேனீப் பெட்டியெல்லாம் எங்கயும் ஓடிராது. சாயங்காலம் ஈயெல்லாம் அடைஞ்சப்புறம்தானே வண்டியில ஏத்தப் போறீங்க? முதல்ல பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க. தலையைத் தாங்கி... ஆங், அப்படித்தான். பழக்கம் இருக்கே!

அதோ பாருங்க, அந்த ஆரஞ்சு மரத்துல ரெண்டாவது கிளை. பலாக்காய் மாதிரி தொங்குதே, அம்புட்டும் தேனீ. மத்தியானம் பழைய ராணியோட பாதிக் கூட்டம் பிரிஞ்சு வெளிய வந்துச்சு. எப்ப கிளம்பும்னே சொல்ல முடியாது. கிளம்பிட்டா வாயைப் பொளந்துக்கிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். எனக்குக் காலு தரையில நிக்க மாட்டேங்குது.

அட, இப்ப கொட்டாதுண்ணே. வயிறு முட்டத் தேனைக் குடிச்சிட்டு வந்திருக்கு. விருந்து சாப்பிட்டவன் சண்டைக்கா வருவான்? பன்னெண்டு பெட்டி வாங்க வந்த மனுசன் இப்படி ஒதுங்குறீங்களே!

எங்க வீட்டுக்காரரா? உள்ள தூங்குறார். கைப்பிள்ளைக்காரிக்கு இனி தேனீ எதுக்குன்னு ஒரே பாட்டு. நான் பிரசவத்துக்குப் போயிருந்தப்பவே உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டார், பெட்டிக்குள்ள இருக்கறதெல்லாம் உங்களுக்குன்னு. அஞ்சு வருசமா கொட்டு வாங்கினவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல.

நகருங்க, நகருங்க. இதுவா? வெங்காயம் போட்டு வச்சிருந்த பெட்டி, உங்களோடது இல்ல. கிளைக்குக் கீழ வச்சு ஒரே உலுக்கு... தொப்புனு விழுந்துச்சு பாத்தீங்களா! பிள்ளை முழிச்சிட்டாளா? தட்டிக் குடுங்க. ராணி உள்ள விழுந்திருக்கணும், இல்லன்னா எல்லாம் திரும்ப மேல ஏறிரும். இருங்க... இருங்கண்ணே, பேசாதீங்க... ஆ! பெட்டி வாசல்ல வாலைத் தூக்கிக்கிட்டு றெக்கையை விசிறுதுங்க. ராணி உள்ளதான் இருக்கா. மிச்சத்தை வாங்கடி வாங்கடின்னு கூப்பிடுதுங்க.

எதுலேர்ந்து வந்துச்சா? ஏழாம் பெட்டியிலேர்ந்து. தூக்கினா லேசா இருக்கும், அதான் நானே சொல்லிடறேன். உள்ள புது ராணிக்கு அறை கட்டி வச்சிருக்கு, ஒரு வாரத்துல வெளிய வந்துருவா. உங்களுக்குப் பெருசா நட்டமில்ல. பெட்டிக்குள்ள இருக்கறது உங்களுக்கு, கிளையில உக்காந்தது பிடிச்சவங்களுக்கு. நம்ம தொழில்ல அதுதானே வழக்கம்?

ஆமா, அந்த அறையைக் கிள்ளிப் போட்டிருந்தா பிரிஞ்சிருக்காதுதான். வாராவாரம் நகத்தால கிள்ளுறவ நான்தானே. போன வாரமும் பன்னெண்டையும் திறந்தேன். மத்த பதினொண்ணுலயும் கிள்ளினேன். ஏழாவதைத் திறந்தேன், பார்த்தேன், மூடிட்டேன்.

அவர் கேட்டா மரத்துல வந்து உக்காந்துச்சுன்னு சொல்லுங்க. பொய்யா அது?

சரி, பிள்ளையைக் குடுங்க. கை மரத்துப் போயிருக்கும்.