ஈயப் புகை

— குறை உங்கிட்ட இல்ல, இவளே. எங்கிட்டதான். டாக்டரம்மா இன்னிக்குச் சொல்லிட்டாங்க.

— முதல்ல அந்தச் சட்டையக் கழட்டி வாளியில போடுங்க. எந்த டாக்டரம்மா?

— எங்கூட உலையில நின்னானே குட்டையன், அவன் பாத்த டாக்டரு. ஏழு வருஷம் புள்ளையில்லாம இருந்தவன். உலைய விட்டு வாசல் காவலுக்கு மாத்திக்கிட்டுப் போனான். இப்ப அவன் பொண்டாட்டிக்கு அஞ்சு மாசம். போன வாரம் என்னையும் இழுத்துட்டுப் போயி டெஸ்ட் எடுக்க வச்சான்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— இந்த அம்பது வயசுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? கேளு. உயிரணு ரொம்பக் கம்மியாம். இருக்கிறதுலயும் பாதி அசையலையாம். என்ன வேலைன்னு கேட்டாங்க. பழைய பேட்டரி உடைச்சு ஈயம் உருக்குறோம், இருபது வருஷமாச்சுன்னேன். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பாத்தாங்க. நீலமா கோடு ஓடுதாம்.

— புகையாலதானாமா?

— அடிச்சுச் சொல்ல முடியாதாம். ஆனா ரத்தத்துல ஈயம் ஏறிக் கிடக்கு, மூச்சுல போனதுதான், முதல்ல அந்த வேலைய விடுன்னாங்க. நான் என்ன கண்டேன்? ரெண்டு தும்மல் போட்டா கருப்பா வரும், அதோட போச்சுன்னு இருந்துட்டேன். உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

— நான் எதுக்கு? எனக்குத் தீட்டு நின்னு எட்டு மாசமாச்சு.

— அது போகட்டும். அம்மா சாகிற வரைக்கும் மலடின்னு உன்னை வாயில போட்டு மென்னாங்க. என் தங்கச்சி தான் பெத்த குழந்தைய உன் கையில குடுக்கல. நான் மரமாட்டம் நின்னேன். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு உண்மையச் சொல்லப் போறேன்.

— சொல்லாதீங்க.

— இன்னும் எம்பழிய நீதான் சுமக்கணுமா?

— ஒம்பது வருஷத்துக்கு முன்னால ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தோமே.

— ஆமா. எனக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் கர்ப்பப்பையில கோளாறு. நீதான ரிசல்ட் வாங்கிட்டு வந்து சொன்னே.

— எனக்கு ஒரு கோளாறும் இல்லைங்க.

— என்ன சொல்றே நீ?

— அதுக்கு முந்தின வாரம், குறை எனக்குன்னு தெரிஞ்சா உலைக்குள்ள குதிச்சிடுவேன்னீங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னீங்க. நான் அத விளையாட்டா எடுத்துக்கல. பழி என்னோட போகட்டும்னு அந்தக் காகிதத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்.

— அடிப்பாவி. இத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டா?

— பேச்சு கிடக்கு. அன்னிக்கே அந்த டாக்டர் சொன்னாரு, இப்பவே உலைய விட்டா ஒரு வருஷத்துக்குள்ள தேற வழியிருக்குன்னு.

— அப்ப எனக்கு நாப்பத்தொண்ணு, உனக்கு முப்பத்தேழு. வேலைய விடுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே?

— ஏன்னு கேட்டிருப்பீங்களே.