வெட்டுக்கல் கிணற்று மீன்

— சிந்தாம பிடிங்க அச்சாயா, உள்ள உசிரு இருக்கு.

— சொம்புக்குள்ள என்ன உசிரு? பேச்சை மாத்தாத ஏலி. சங்கனாச்சேரி கண்ணாஸ்பத்திரிக்கு நான் வரல. ஒரு கண்ணைக் கீறுவான், மத்ததுக்குத் தேதி குடுப்பான். கட்டின பொண்டாட்டி நீ சொன்னாலும் இந்தக் குருவிளா எந்த டாக்டரையும் நம்ப மாட்டான், கேட்டியா.

— சரி சரி. ராத்திரி மழைக்குக் கிணறு பொங்கிருக்கு. வாளியில ஏறி வந்துச்சு, கண்ணில்லாத மீனு.

— நெசமாவா? சின்ன வயசுல கிணறு இறைக்க இறங்கினப்போ பாத்ததுடி.

— இப்பவும் பாருங்க. இது உங்களுக்குத் தெரிஞ்சா நான் வாயை மூடிக்கிறேன். ஆஸ்பத்திரியும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

— இரு, சொம்பை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கிறேன். ம்... இதோ கிடக்கு. ரத்தச் சிவப்பு. என் சுண்டுவிரல் அளவுகூட இல்ல.

— மீசை இருக்கா?

— இல்லாமலா? கெளுத்தி சாதியாச்சே. அதை வச்சுத்தான் தடவித் தடவிப் போகும். நம்ம செம்பாறை வெட்டுக்கல்லுக்குள்ள ஓட்டை ஓட்டையா ஊத்து ஓடுதுல்ல, அங்கதான் குடியிருப்பு. வெயிலே எட்டாத எடம். கண்ணை வச்சு அது என்ன பண்ணும்? இது எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சு, சொல்லு.

— அது ரப்பர் மரத்துல பால் வெட்டப் போறதில்ல. நேத்து நீங்க வெட்டின மரத்துல பட்டை போயி உள்தடி தெரியுது.

— புதுக் கத்தி. இழுத்துருச்சு.

— கத்தி. சரி சரி. பங்குச் சாமியார் வெள்ளை அங்கியில வாசல்ல நிக்கிறாரு, அவரைப் பக்கத்து வீட்டுக் கிழவின்னு நெனச்சு "என்னடி சாறாம்மா, புருசன் அடிச்சானா"ன்னு கேட்டீங்களே, அதுவும் கத்திதானா?

— நம்ம கிழவிங்களும் வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு. தூரத்துல வந்தா யாரு சாமியாரு, யாரு சாறாம்மான்னு கர்த்தருக்கே குழம்பும்.

— கையெட்டுற தூரத்துலதான் நின்னாரு. அது கிடக்கட்டும், மீனோட தலை எந்தப் பக்கம்?

— உன் பக்கம்.

— என்ன அச்சாயா பயம் உங்களுக்கு?

— பயம் என்ன பயம். கீறி, உள்ளதும் போச்சுன்னா? இப்ப நீ வந்து நின்னா ஒரு நிழலாவது... ஒண்ணுமில்ல. எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. இதைக் கொண்டுபோயி மெதுவா இறக்கி விடு. வெயில் தாங்காது, பாவம்.

— அது வாளியில வந்த உடனேயே கிணத்துல விட்டாச்சு, அச்சாயா. சொம்புல வெறும் தண்ணிதான். கையைக் குடுங்க, இங்க ஒரு படி இருக்கு.