பேர் சொல்லாத பிளேட்டு

உச்சிவேளை, பன்னெண்டு மணி. கோச்சடை ரோடு... ஒரு ஈ காக்கா இல்ல. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு எவன்டா சொன்னது? கிட்ட வந்து உக்காருங்க.

நம்ம தவசியோட அத்தை ராதாமணிக்கு நடந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தி நாலாம் வருசம். நாடகத்துல பாடி மதுரையவே கிறங்கடிச்சவுக. நாப்பத்தஞ்சு வயசுல தொண்டை கட்டிக்கிச்சு... கட்டினது கட்டினதுதான். கண்ணாடியப் பாத்தாலும் அழுகை, வாயத் தொறந்தாலும் அழுகை. அந்த நேரம் பாத்துக் கிராமபோன் பிளேட்டுக் கம்பெனிக்காரன் பாடக் கூப்பிடுறான். விடுவாகளா? கூடப் பாடிக்கிட்டிருந்த பதினெட்டு வயசுப் புள்ள செல்லத்தாயை மெட்ராஸுக்குக் கூட்டிப்போயி, பாட்டை அவளப் பாட வச்சாக. கம்பெனிக்காரனுக்குப் பேருதான முக்கியம், கண்டுக்கல. அப்பல்லாம் பாட்டு முடிஞ்சதும் பாடினவுக தம் பேரையும் பிளேட்டுல சொல்லணும். அதை மட்டும் இவுக சொன்னாக.

நாளைக்கு இவ எங்கயாச்சும் பாடினா குட்டு உடைஞ்சிருமே... திரும்பி வரையில ரயில்ல ஒரு வெத்தலை மடிச்சுக் குடுத்தாக. உள்ள செந்தூரம், தின்னாக் குரலையே அடிச்சிரும். "நல்லாருக்குக்கா"ன்னு மென்னு தின்னுச்சு அந்தப் புள்ள. மறுநா குரல் போச்சு. மூணாம் மாசம் கிணத்துல மிதந்துச்சு. சண்டாளி... இப்பச் சொன்னாலும் எனக்கு வயிறு எரியுது.

பிளேட்டு வந்துச்சு. ராதாமணியே கடையில வாங்கி, மடியில வச்சுக்கிட்டு, உச்சிவேளையில மாட்டுவண்டியில வாராக. கோச்சடை ரோட்டு நடுவுல மாடு நின்னுருச்சு. வண்டிக்காரன் சங்கிலி எம்புட்டு அதட்டியும் நகரல. பாசி வாடை... கிணத்துப் பாசி. மடியில இருந்த பொட்டலத்துக்குள்ள... கிர்ர்... கிர்ர்... ஊசி ஓடுற சத்தம். அப்புறம் காதோரமா, "அக்கா... வெத்தலை போடுறீகளா?"

வேணாம்னு சொல்லத்தான் நெனச்சாக. அதுக்குள்ள வாய் தன்னால மெல்லுது.

வீட்டுல சொந்தபந்தம் கூடியிருந்துச்சு. பிளேட்டை வச்சாக. பாட்டு அருமையா ஓடி முடிஞ்சுச்சு. பேரு வரல... வெறும் கிர்ர்ர். "பேரைக் காணமே, நீயே சொல்லு தாயி"ன்னாரு ஒருத்தரு. வாயத் தொறந்தாக. எந்தக் குரலுக்கு ஏங்குனாகளோ அதே குரல், பதினெட்டு வயசுக் குரல், தேனாட்டம் வந்துச்சு.

"செல்லத்தாய்."

அம்புட்டுதான். பெறகு பதினொரு வருசம் இருந்தாக. தண்ணி கேட்டாலும் அந்தப் பேருதான், வலிக்குதுன்னு அழுதாலும் அந்தப் பேருதான். உடம்பு கிழடாச்சு... குரலுக்கு மட்டும் பதினெட்டு தாண்டல.

செத்தன்னைக்கு வாய்க்கரிசி போடத் தவசிதான் தாடைக்கட்டை நெகிழ்த்துனான். உசுரு ராத்திரியே போயிருச்சு, உடம்பு சில்லுன்னு கெடக்கு. வாய்க்குள்ள... செக்கச் செவேர்னு மென்ன வெத்தலை. விரல்ல பட்டுச்சாம்.

சூடா இருந்துச்சாம்.